ஊசி முனையும் நாலு புள்ளி ஆறும்

போன வாரம், கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிற உங்களில் இரண்டு பேர் எனக்குப் போன் செய்து அழுதீர்கள். ஒருவருக்கு ஐந்துக்கு இரண்டு புள்ளி எட்டாம், இன்னொருவருக்கு மூன்று புள்ளி ஒன்றாம். மாணவர்கள் போட்ட மார்க். நாம் போடுகிற மார்க்கைப் பார்த்து அவர்கள் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அவர்கள் போடுகிற மார்க்கைப் பார்த்து நாம்தான் அழுகிறோம். வேலையை விட்டு வந்து உட்கார்ந்த பிறகு இந்த வேடிக்கை எனக்கு நன்றாகத் தெரிகிறது. வேலையில் இருந்தபோது தெரியவில்லை. அந்த மார்க் தாளை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் எடுத்தெடுத்துப் படித்தவள்தான் நானும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தாராபுரம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறி, பனியன் கம்பெனிகளில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப்பில் ஆரம்பித்து, ஓரம் சேர்க்கிற ஓவர்லாக் மெஷினில் தைத்து, லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தேன். அப்போதுதான் ஆடைத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற ஒரு தனியார் கல்லூரி தன் தையல் லேபுக்கு ஆள் தேடியது. அங்கே இருந்த முனைவர்கள் யாருக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கத் தெரியாது. எனக்குத் தெரியும். என் தகுதி அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை அது. வெளியே போ என்றால் எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு காகிதம் கிடையாது. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி வேறு. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிற ரகம். இப்படிப்பட்டவள் கையில் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மார்க் தாளைக் கொடுத்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இருபது கேள்விகள் இருக்கும். ஆசிரியர் பவர்பாயின்ட் பயன்படுத்துகிறாரா என்று ஒரு கேள்வி. என் லேபில் படம் காட்ட ஒரு காலிச் சுவர்கூடக் கிடையாது. எனக்கு ஒன்று போட்டார்கள். வகுப்பறை வசதியாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ஏசி இல்லை என்று அதற்கும் எனக்கு ஒன்று. கருத்துகள் எழுதுகிற கட்டத்தில் ஒருவன், கேன்டீன் புரோட்டா ரப்பர் மாதிரி இருக்கிறது என்று என் தாளில் எழுதியிருந்தான். அந்தப் புரோட்டாவும் என் சராசரியில் சேர்ந்தது.

எப்படி நிரப்புவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கடைசி வகுப்பு முடிந்து காலேஜ் பஸ் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாளைக் கொடுப்பார்கள். வகுப்புத் தலைவனே எட்டுப் பேருக்குச் சேர்த்து வரிசையாக டிக் அடிப்பான். அதற்கு முந்தின வாரம் நம்மில் சிலர் வகுப்புக்கு சமோசா வாங்கிக் கொடுப்பார்கள். இன்டர்னல் மார்க்கில் இரண்டைக் கூட்டிவிட்டுச் சிரிப்பார்கள். "நல்லா எழுதுங்க கண்ணுகளா" என்று தலையைத் தடவுவார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட் ஆட்கள் வருகிற அன்றைக்குப் பல கம்பெனிகளில் நடப்பதுதான். "எத்தனை மணிக்கு வேலை முடியும்னு கேட்டா என்ன சொல்லோணும்?" என்று முந்தின நாளே பாடம் நடக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் அன்றைக்குத்தான் பஞ்சு வரும். சொல்லிக்கொடுத்த பதிலைத் திருப்பி வாங்கி, அதற்குக் கருத்து என்று பெயர் வைத்துக் கிராஃப் போடுவார்கள். நல்ல தொழில்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் முதல் செமஸ்டரில் எனக்கு வந்தது இரண்டு புள்ளி மூன்று.

காரணம் ஊசி. கம்பெனியில் தைத்தவர்களுக்குத் தெரியும்: மெஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்க வேண்டும். கிடைத்ததை ஒரு ரெஜிஸ்டரில் செல்லோ டேப்பால் ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், ஆபரேட்டர் பெயர் எழுதினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். முனை கிடைக்காவிட்டால் சுற்றியிருக்கிற பீஸ் எதுவும் அங்கிருந்து நகராது.

இந்தச் சட்டத்தை எனக்குள் இறக்கியவர் என் பழைய கம்பெனியில் செக்கிங் பார்த்த ஒரு அம்மா. திருப்பூர் ராயபுரத்திலிருந்து வருவார், தலையில் முக்காடு நழுவாது, குரல் உயராது. ஒரு மத்தியானம் வாசலில் கன்டெய்னர் நிற்கிறது. குழந்தைத் துணி ஆர்டர். ஒரு ஊசி உடைந்து, அரிசி முனை அளவு துண்டைக் காணவில்லை. அந்தம்மா லைன் முழுவதையும் நிறுத்திவிட்டார். முதலாளியே இறங்கி வந்து, "ஏனுங்க, ஒரு முனைக்காகக் கப்பலை நிறுத்துவீங்களா?" என்று கத்தினார். அந்தம்மா குனிந்து தேடிக்கொண்டே சொன்னார்: "இதைப் போடப்போறது நீங்களுமில்ல, நானுமில்லீங்க. பேசத் தெரியாத குழந்தை. குத்துனா அழுவும். பசிக்கு அழுவுதுன்னு பால் குடுப்பாங்க."

முதலாளி மாடிக்குப் போய்விட்டார். முனை ஒரு டெய்லரின் செருப்பு அடியில் குத்திக்கொண்டு இருந்தது.

இதைத்தான் நான் கல்லூரி லேபுக்கும் கொண்டுபோனேன். ஊசி உடைந்தால் முப்பது மெஷினும் நிற்கும், எல்லோரும் குனிந்து தரையைத் தேட வேண்டும். எனக்கு 'ஊசி அக்கா' என்று பெயர் வந்தது. மற்றவர்கள் எல்லாம் மேடம். நான் மட்டும் அக்கா, அதுவும் ஊசி அக்கா. கருத்துக் கட்டத்தில் ஒருவன் எழுதினான்: "ஊசி தேடவா ஃபீஸ் கட்டினோம்?" இன்னொருத்தி, "சிரிக்கவே மாட்டார்" என்று எழுதினாள். அது உண்மைதான். பயந்தவளுக்குச் சிரிப்பு எங்கே வரும்?

துறைத் தலைவர் கூப்பிட்டார். அவர் கணினியில் எல்லா ஆசிரியர்களும் அவரவர் மார்க் உயரத்துக்கு வண்ண வண்ணக் கட்டைகளாக நின்றார்கள்.

"பாருங்க. உங்க கட்டை மட்டும் நெம்பக் குட்டையா இருக்குதுங்க. மத்தவங்க பக்கத்துல நிக்க வெச்சா நல்லாவா இருக்குது?"

"ஊசி தேடறதுல நேரம் போயிருதுங்க சார். அதைத்தான் புள்ளைங்க..."

"என்னத்த ஊசிங்க? கடையில பாக்கெட் பாக்கெட்டா விக்குது. ஒடஞ்சா வேற ஒண்ணை மாட்டுங்க. இது காலேஜுங்க, கம்பெனி இல்லீங்க."

"சரிங்க சார்."

"அடுத்த தடவை நாலுக்கு மேல வந்துரோணுங்க. இல்லீன்னா ஜூன் மாசம் மேனேஜ்மென்ட்டுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

எவ்வளவு மரியாதையாகக் கழுத்தில் கை வைக்கிறார் பாருங்கள். நம் ஊரில் வேலையை விட்டுத் துரத்துவதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள்.

அடுத்த செமஸ்டர் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏப்ரன் பைக்குள் ஊசிப் பாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கடலை விற்கிறவள் மாதிரி லேபைச் சுற்றி வந்தேன். எங்கேயாவது 'டக்' என்று சத்தம் கேட்டால் ஓடிப்போய், "பரவாயில்ல கண்ணு, இந்தா" என்று புது ஊசியைக் கொடுத்தேன். முனை எங்கே என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் இருபது நிமிடம் முன்னாலேயே விட்டேன். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினேன், இதையும் சொல்லிவிடுகிறேன். "அக்கா இப்பல்லாம் செம்ம கூல்டா" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. ஒன்பதாவது படித்தவளுக்கு ஒரு பட்டம் கொடுத்தது போல.

நாலு புள்ளி ஆறு வந்தது. துறையிலேயே அதுதான் அதிகம். கல்லூரி விழாவில் சிறந்த பயிற்றுநர் சான்றிதழ் தருவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். துறைத் தலைவர் என்னை எழுந்து நின்று வரவேற்றார். என் கட்டை வளர்ந்துவிட்டது அல்லவா.

அதே விழாவில் இன்னொரு காரியமும் உண்டு. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்த செமஸ்டரில் தைத்த நூற்றிருபது ஜபலாக்களை, பிறந்த குழந்தைக்குப் போடுகிற நாடா வைத்த சின்னச் சட்டைகளை, அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்குக் கொடுப்பது வழக்கம். அழைப்பிதழிலேயே எண்ணிக்கையோடு அச்சடித்துவிட்டார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், லேபில் பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தோம். சங்கவி என்று ஒரு பெண். காங்கேயத்திலிருந்து வருவாள், அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணுங்க. திட்டக் கூடாதுங்க."

"சொல்லு கண்ணு."

"ஒருக்கா எனக்கு ஊசி ஒடஞ்சுதுங்களே, கழுத்துப் பட்டி தைக்கறப்போ. அதுல முனை கிடைக்கலீங்க. நானாத் தேடிப் பாத்தனுங்க. நீங்க புது ஊசி குடுத்துட்டுப் போயிட்டீங்க."

"கீழ விழுந்திருக்கும். கூட்டறப்போ போயிருக்கும்."

"போயிருக்குங்களா?" என்று கேட்டாள். நான் ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டேன். அவளே சொன்னாள்: "மொத செமஸ்டர்ல முனை கிடைக்காம விடமாட்டீங்க. எரிச்சலா இருக்குமுங்க. அதுக்கு உங்களுக்கு ஒண்ணு போட்டேன். இந்தத் தடவை கேக்கவே இல்லீங்க. அதுக்குத்தான் அஞ்சு போட்டேன். அப்புறமாத்தான் பயமாயிருச்சுங்க."

ஒன்று எதற்கு, ஐந்து எதற்கு என்று ஒரு மாணவி என்னிடம் கணக்காகச் சொன்னது அன்றைக்குத்தான். இருபது கேள்வியில் 'எதற்கு' என்கிற கேள்வி இல்லை.

துறைத் தலைவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கதவைச் சாத்தினார்.

"நூத்தியிருவதுல எதுலன்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க சார்."

"இருக்குதான்னாவது தெரியுமுங்களா?"

"அதுவும் தெரியாதுங்க. எத்தனை ஊசி ஒடஞ்சுதுன்னே எழுதி வெக்கலீங்க."

"அப்ப இல்லீன்னே வெச்சுக்குவோம். ரிப்பன் கட்டியாச்சு, கார்டு அடிச்சாச்சு. இது வெளிய தெரிஞ்சா அடுத்த வருஷம் அட்மிஷன் என்னாகுறது? உங்களுக்கு மேடையில சர்டிபிகேட் வேறங்க. நாலு புள்ளி ஆறு! ஜூன்ல உங்களுக்குப் பிரச்சனையே இல்லை. நீங்களே உங்க கையால கெடுத்துக்குவீங்களா?"

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "சரிங்க சார்" என்றேன். இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனேன். தரையில்தான் விழுந்திருக்கும். துவைப்பார்கள், அப்போது வந்துவிடும். நூற்றிருபதில் ஒன்றுதானே. ஜூன் மாதம், வாடகை, வயசு, இன்னொரு வேலைக்கு யார் என்னைக் கூப்பிடுவார்கள். பயம் என்பது எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற வக்கீல்.

மறுநாள் காலை லேபைத் திறந்தால், சங்கவி எனக்கு முன்னாலேயே வராந்தாவில் நிற்கிறாள். உள்ளே போனதும் பெட்டிகளைப் பிரித்தாள். ஒவ்வொரு ஜபலாவாக எடுத்து, ஒவ்வொரு தையலாக விரலால் அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் வருகைப் பதிவை எழுதுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் போனது. விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது.

"கையால கண்டுபிடிக்க முடியாதுங்களா அக்கா?"

"முடியாது கண்ணு."

"பின்ன எப்படிங்க?"

எப்படி என்று எனக்குத் தெரியும். என் பழைய கம்பெனியில் ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கிறது. ஆட்டோவில் கால் மணி நேரம். அது எனக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான் "சரிங்க சார்" என்றிருக்கிறேன். அந்தப் பெண் விரலை உதறிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. ஆட்டோவுக்குப் போன் செய்தேன். கேட்டில் வாட்ச்மேன் பெட்டிகளைப் பார்த்து, "யாரு பர்மிஷன்?" என்றார். "எச்.ஓ.டி. சார்தாங்க அனுப்பினாரு" என்றேன். அந்தக் கல்லூரியில் நான் காட்டிய ஒரே தைரியம் அந்தப் பொய்தான்.

செக்கிங் அம்மா இன்னும் அங்கேயேதான் இருந்தார். கண்ணாடி மட்டும் தடித்திருந்தது.

"வாங்க புரொஃபசர்," என்றார். "என்ன, எங்க ஞாபகமெல்லாம் வந்திருக்கு?"

சொன்னேன். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு, கையை நீட்டினார். "ரெஜிஸ்டர் குடு."

"இல்லீங்க."

"இல்லீன்னா? கொண்டாரலியா?"

"போடவே இல்லீங்க."

அந்தம்மா கையை மடக்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம். "இங்கிருந்து போயி இதைத்தான் சொல்லிக் குடுத்தியாக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மெஷினைப் போட்டார்.

பெல்ட் ஓடுகிறது. ஒவ்வொரு ஜபலாவாகப் பெட்டிக்குள் போய் மறுபக்கம் வருகிறது. நாற்பது, நாற்பத்தொன்று என்று சங்கவி எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிவப்பு விளக்கு, ஒரு கீச்சுச் சத்தம், பெல்ட் நின்றது. அந்தம்மா துணியை எடுத்து, கழுத்துப் பட்டித் தையலைப் பிரித்து, முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஒரு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

சங்கவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "கிடைச்சிருச்சுங்க்கா! கட்டிட்டுப் போலாமுங்களா?"

"நில்லு கண்ணு," என்றார் அந்தம்மா. "மெஷினுக்கு உன்ற ஊசி மட்டும்தான் தெரியுமுன்னு யாரு சொன்னது?"

எழுபத்தெட்டில் மறுபடி கத்தியது. நாடா சேர்கிற இடம். நூற்றிரண்டில் மறுபடி. அது கையிடுக்கில் இருந்தது.

சங்கவி சொன்னது ஒன்று. மெஷின் சொன்னது மூன்று. மற்ற இரண்டு பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களும் எனக்கு ஐந்து போட்டிருப்பார்கள்.

கல்லூரிக்குத் திரும்பியதும் துறைத் தலைவர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிரித்து மூன்று முனைகளையும் வைத்தேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நூத்திப்பதினேழுதான் இருக்குதுங்களா? கார்டுல நூத்தியிருவதுன்னு போட்டிருக்குதே."

அவருடைய கவலை அது. நானும் சங்கவியும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று ஜபலா தைத்தோம். ஒரு ஊசியும் உடையவில்லை.

விழாவில் சிறப்பு விருந்தினர் எனக்குச் சால்வை போட்டு, சான்றிதழ் கொடுத்தார். "மாணவர் மனம் கவர்ந்த பயிற்றுநர்" என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். மேடையில் நின்று உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

அடுத்த செமஸ்டர் முதல் நாளே மெஷின்களை நிறுத்திவிட்டு, ஒரு புது நோட்டையும் செல்லோ டேப்பையும் மேஜையில் வைத்தேன். "போச்சுடா, ஊசி அக்கா திரும்ப வந்துருச்சு," என்று பின் வரிசையில் ஒருவன் சொன்னான். "ஆமா சாமி, வந்துருச்சு. குனிஞ்சு தேடு," என்றேன். அந்த செமஸ்டர் என் கட்டை இரண்டு புள்ளி ஒன்று. முதல் தடவையைவிடக் குட்டை. ஒரு தாளில் மட்டும் கருத்துக் கட்டத்தில், "லேபுக்கு ஒரு நல்ல காந்தம் வாங்கித் தரவும்" என்று இருந்தது. பெயர் போட வேண்டாம் என்பார்கள். கையெழுத்து நமக்குத் தெரியாதா? சங்கவிதான். அவளும் எனக்கு மூன்றுதான் போட்டிருந்தாள். சரியான மார்க் அது. காந்தம் கடைசிவரை வரவில்லை. நானே வாங்கிப் போட்டேன்.

ஜூன் மாதம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதை நினைத்துத்தான் நான் இத்தனை நாள் நடுங்கிக்கொண்டிருந்தேன். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஓவர்லாக்கில் நூல் கோர்க்க அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. எந்தக் கட்டையும் என்னைக் காப்பாற்றவில்லை, எந்தக் கட்டையும் என்னைக் கவிழ்க்கவும் இல்லை. அதற்கப்புறம் ஒன்பது வருடம் இருந்தேன். மூன்றைத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் பயந்தேன், அது வேறு விஷயம். பயம் போகவில்லை, அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு முனையைத் தேடினேன்.

அதனால் இரண்டு புள்ளி எட்டு வாங்கியவர்கள் எனக்குப் போன் செய்து அழ வேண்டாம். எந்தக் காரணத்துக்காகப் பிள்ளைகள் உங்களுக்கு ஒன்று போட்டார்கள் என்று யோசியுங்கள். சோம்பலாகச் சொல்லிக்கொடுத்ததற்கு என்றால் வெட்கப்படுங்கள். அவர்களைக் குனிய வைத்ததற்கு என்றால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். உங்களில் யாருக்கோ நாலு புள்ளி ஏழு வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவர் எனக்குப் போன் செய்யட்டும். எதைக் கேட்காமல் விட்டீர்கள் என்று அவரிடம்தான் நான் பேச வேண்டும்.

அந்தச் சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது, பீரோவில் துணிக்கு அடியில். அதன் பின்பக்கத்தில் மூன்று முனைகளையும் செல்லோ டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறேன். டேப் பழுத்துவிட்டது, முனைகளில் துரு ஏறியிருக்கிறது. ரெஜிஸ்டரில் எழுதுகிற மாதிரியே தேதி போட்டேன். மெஷின் நம்பர் தெரியாததால் அந்த இடத்தில் கோடு இழுத்துவிட்டேன். ஆபரேட்டர் பெயர் என்று ஒரு இடம் வருமல்லவா, அதில் மூன்று வரியிலும் என் பெயரை எழுதினேன்.